பெடல் ஸ்டீல் கிட்டாரின் ஆம்ப் ஹம்: கிருஷ்ணகிரி பழையபேட்டை சர்வீஸ் கடை பற்றி ஒரு மதிப்புரை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்க்கும் சிறிய கடை ஒன்றில், ஹம் எனப்படும் ஓயாத உறுமலை எழுப்பிக்கொண்டிருந்த என் பெடல் ஸ்டீல் கிட்டாரின் ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) கொடுத்துச் சரி செய்துகொண்டேன். மேசைபோல் கால்களில் நிற்கும் அந்தக் கருவியின் தந்திகள் மீது எஃகு பாரை நகர்த்தி, கால் பெடல்களாலும் முழங்கால் நெம்புகோல்களாலும் சுருதியை மாற்றி வாசிப்பார்கள். ஏற்கெனவே வேலை தேங்கிக் கிடப்பதால் தம் பெயரையும் கடையின் பெயரையும் இணையத்தில் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே அவற்றை இங்கே எழுதவில்லை. அந்தப் பகுதியில் ஹாரன் ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். பெடல் ஸ்டீல் வாசிப்பவர்கள் நம் மாவட்டத்தில் மிகச் சிலரே என்றாலும், ஹவாயன் கிட்டார், எலக்ட்ரிக் வீணை, சாதாரண கிட்டார் வாசிப்பவர்களுக்கும் இந்தக் கடையில் நடந்த வேலையின் பெரும்பகுதி பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஈ9 சுருதியமைப்பு கொண்ட பத்துத் தந்திக் கருவி. தந்தியின் அதிர்வை மின் அலையாக்கும் பிக்கப், ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகை. அதிலிருந்து ஒரு வால்யூம் பெடல். அதன் பிறகு அமெரிக்காவிலிருந்து உறவினர் வழியாக வந்த, 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப். அதன் தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றே அச்சிட்டிருக்கிறது. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் இடையில் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஒரு ஸ்டெப் டவுன் பெட்டி. இத்தனையும் சேர்ந்து எழுப்பிய உறுமல், வீட்டில் வாசிக்கும்போதே எரிச்சலூட்டியது. ஆராதனையில், பாஸ்டர் ஜெபத்துக்காக எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லும் நேரத்தில், அது ஒன்றே சபை முழுவதும் கேட்கும் நிலைக்கு வந்திருந்தது.

மற்ற கிட்டார்களைவிடப் பெடல் ஸ்டீலுக்கு ஹம் ஏன் பெரிய பகை என்பதை முதலில் சொல்ல வேண்டும். இந்தக் கருவியில் ஒலி நீண்டு நிற்பதற்குப் பாதிக் காரணம் வாசிப்பவரின் வலது பாதம். ஆம்பின் ஒலியளவைத் தேவைக்கு மேலேயே ஏற்றி வைத்துவிட்டு, தந்தியை மீட்டும்போது வால்யூம் பெடலைப் பாதியளவில் வைத்திருந்து, நாதம் தேயத் தேயப் பெடலை மெல்ல அழுத்திக்கொண்டே போவார்கள்; கேட்பவருக்கு நாதம் தேயாமல் ஒரே அளவில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் பெடலுக்கு முன்னால், அதாவது பிக்கப்பிலோ கேபிளிலோ நுழைந்த ஹம், நாதத்தைப் போலத் தேய்வதில்லை. பெடலைத் திறக்கத் திறக்க அது மட்டும் வளர்ந்துகொண்டே வந்து, கடைசியில் ஸ்வரத்தையே மூடிவிடுகிறது. இதைக் கடைக்காரருக்கு விளக்கியபோது, பெடல் ஸ்டீலை அதுவரை நேரில் பார்த்திராத அவர், உடனே கேட்ட கேள்விதான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை உண்டாக்கியது: “பெடலை முழுசா மூடினா சத்தம் நிக்குதா, நிக்கலையா சார்?”

நின்றால் குற்றம் பெடலுக்கு முன்னால், நிற்காவிட்டால் ஆம்பில். என் விஷயத்தில் பாதி நின்றது, பாதி நிற்கவில்லை. “அப்ப ரெண்டு வியாதி” என்று சொல்லிவிட்டு, ஆம்பைத் திறக்காமலேயே அடுத்த சோதனைகளுக்குப் போனார். கேபிளைக் கழற்றிவிட்டு ஆம்பின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தார். அப்போதும் ஓர் அடிநாதம் மிஞ்சியது. வால்யூமைத் திருப்பினாலும் கூடாமல் குறையாமல் இருக்கும் அந்த ஒலி, பவர் சப்ளையிலோ கடைசிக் கட்டத்திலோ பிறப்பது. பிறகு, எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் குமிழை மட்டும் ஏற்றினார். புதிதாக ஒரு ஹம் வந்து சேர்ந்தது. கேபிளைச் செருகி, நான் தந்திகளைத் தொட்டபோது சீறல் குறைந்தது, கையை எடுத்தபோது மீண்டும் வந்தது. அது எர்த் சரியாக இல்லாமல் இருக்கலாம் என்பதன் அடையாளம். பத்து நிமிடத்துக்குள் ஒரு ஹம் நான்காகப் பிரிந்தது. நான் பார்த்த வேறு சில பழுதுபார்ப்பவர்கள், ஒரு பெருநகரத்துக் கடை உட்பட, ஆம்பைப் பார்த்தவுடன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவர்கள். அந்தப் பெருநகரக் கடையில் பிக்கப்பையே மாற்றச் சொன்னார்கள். எந்த ஹம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்த பிறகே கை வைப்பது என்ற இந்த ஒழுங்கே இக்கடையின் முதல் தகுதி. என் கணக்கில் அதுவே முழுத் தகுதியும்கூட.

அவருக்கு இந்தக் காது எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான விஷயம். திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்துக்கு இரவு முழுவதும் மைக் கட்டும் தொழிலில் வளர்ந்தவர். வயல்வெளியில் நூறு மீட்டர் ஒயர் இழுத்து, ஜெனரேட்டரில் சீரியல் விளக்கும் ஆம்பும் ஒன்றாக ஓட, கட்டியக்காரன் பேச்சில் உறுமல் கலக்காமல் பார்த்துக்கொள்வது அவருக்குப் பழகிய வேலை. 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் மீட்டர் இல்லாமலே பிரித்துச் சொல்கிறார். முன்னது பெரும்பாலும் எர்த், கேபிள், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் ஆகியவற்றால் வருவது, பின்னது, ஏ.சி. மின்சாரத்தின் இரு அரை அலைகளையும் ரெக்டிஃபயர் டி.சி.யாக்கும்போது மிஞ்சும் அலைவு, அதாவது அதைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டென்சர் தளர்ந்ததன் குரல். வாத்தியக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: 100 ஹெர்ட்ஸ் என்பது ஜி ஸ்வரத்துக்குச் சற்று மேலே நிற்பது. ஜி கட்டையில் பாடும் பாட்டில் உங்கள் ஆம்ப் எப்போதும் சுருதி கொஞ்சம் ஏறினாற்போல் பின்னால் பாடிக்கொண்டிருந்தால், சப்ளையைச் சந்தேகியுங்கள்.

முதலில் பலியானது என் ஸ்டெப் டவுன் பெட்டி. அதன் வெளியீட்டில் இரண்டு பின் மட்டுமே. ஆம்பின் மூன்றாவது பின்னுக்கு அங்கே இடமே இல்லை. முன்பு யாரோ ஒருவர், பெட்டியில் நுழையட்டும் என்பதற்காக, அந்த எர்த் பின்னையே வெட்டியிருந்தார். இது சாதாரண விஷயம் அல்ல. என் கருவியில் தந்திகளும் உலோகப் பாகங்களும் ஜாக் வழியாக ஆம்பின் சேசிஸோடு (உலோகச் சட்டத்தோடு) இணைந்திருக்கின்றன. வாசிப்பவரின் இடது கையில் கனமான எஃகு பார், முழங்காலில் உலோக நெம்புகோல், காலடியில் பெடல், உதட்டருகே வேறொரு எர்த்தோடு இணைந்த மைக். சேசிஸில் மின்சாரம் கசிந்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்பது மனித உடல். ஹம் குறைகிறது என்று எர்த் பின்னை வெட்டும் பழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்பவரிடம் ஆம்பைத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

பெட்டியில் இன்னொரு நுட்பமும் இருந்தது. இதை விளக்கிய விதத்துக்காகவே அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு போடலாம். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு எவ்வளவு காந்தத்தைச் சுமக்கிறது என்பது வோல்ட்டேஜை அதிர்வெண்ணால் வகுத்த கணக்கைப் பொறுத்தது. 120 வோல்ட்டை 60-ஆல் வகுத்தால் 2. அந்த அளவுக்குத்தான் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் செய்யப்பட்டிருக்கிறது. அதே 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் 2.4, இருபது சதவீதம் கூடுதல் சுமை. இரும்பு நிறைந்து வழியும். டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், தானே ரீங்கரிக்கும், அதன் காந்தப்புலம் வெளியே சிதறிப் பக்கத்தில் உள்ள பிக்கப்பிலும் ரிவெர்ப் பெட்டியிலும் ஏறும். 100 வோல்ட் கொடுத்தால் கணக்கு மீண்டும் 2-க்கு வந்துவிடும். ஆகவே தனித்தனிச் சுற்றுகள் கொண்ட புதிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சுற்றி, 100, 110 வோல்ட் என்று இரண்டு டேப் (வெளியீட்டு முனைகள்) எடுத்து, எர்த் ஒயரை நேராகக் கடத்தி, மூன்று பின் சாக்கெட்டோடு இரும்புப் பெட்டியில் அடைத்துக் கொடுத்தார். 100 வோல்ட்டில் ஆம்பின் உச்ச சக்தி ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். கேட்கும்போது அது ஒன்றரை டெசிபெல்லுக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். ஒலியை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் பகுதிக்கு 15 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டர்களுக்குப் போதிய வோல்ட்டேஜ் மிஞ்சுகிறதா என்றும் அளந்து காட்டினார். இரவில் கிராமத்துப் பக்கம் லைன் வோல்ட்டேஜ் 250-ஐத் தொடும்போது இந்தக் குறைந்த டேப் இன்னொரு வகையில் பாதுகாப்பு.

ஆம்பின் உள்ளே நடந்தது வழக்கமான வேலை. பிரதான ஃபில்டர் கண்டென்சர்கள் இரண்டும் ஊதியிருந்தன. ப்ரீஆம்ப் சப்ளையின் சிறிய கண்டென்சர்களும் உலர்ந்திருந்தன. எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்கு வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. நம் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைக்கப்படும் ஆம்பின் கதி இதிலிருந்தே விளங்கும். 60 ஹெர்ட்ஸுக்காகக் கணக்கிட்ட கண்டென்சர் 50 ஹெர்ட்ஸில் கூடுதல் அலைவை விடும் என்பதால், சற்றுப் பெரிய மதிப்பில், 105 டிகிரி வகையைப் போட்டார். இன்புட் ஜாக்கில் சரியாகப் பிடிக்காமல் இருந்த சால்டரை (டிரை சால்டர்) உருக்கிச் சரி செய்தார். எல்லாம் முடிந்ததும் நேரடியாக மின்சாரம் கொடுக்காமல், சீரியஸ் பல்பு (குறை இருந்தால் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தி எரியும் பல்பு) வழியாக முதலில் ஏற்றிப் பார்த்தது அவருடைய தொழில் பழக்கத்தைக் காட்டியது.

ரிவெர்ப் ஹம்முக்கு ஒரு பைசாகூடச் செலவில்லை. ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியின் வெளியீட்டுச் சுருள், பிக்கப்பைப் போலவே காந்தப்புலத்தைப் பிடிக்கக்கூடியது. என் ஆம்பில் யாரோ ஒருமுறை கழற்றி மாட்டும்போது அந்த முனை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. பெட்டியைத் திருப்பி மாட்டியதும் அந்த ஹம் ஏறக்குறைய மறைந்தது.

வீட்டுக்கும் வந்து பார்த்தார். வண்டிக்கான பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நிலம் பாறை நிலம் என்பதால் எர்த் குழி ஆழமாக இறங்குவதில்லை. கோடையில் மண் காய்ந்தால் அதன் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) கூடி, எர்த் என்பது பெயரளவில் மட்டுமே இருக்கும். எங்கள் வீட்டில் போர்வெல் மோட்டாரும் அதே எர்த்தில் இணைந்திருந்தது. மோட்டார் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் மீட்டர் 18 வோல்ட் காட்டியது. நல்ல இணைப்பில் இது ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய குழியைத் தோண்டி, கரியும் உப்பும் நிரப்பி, தண்ணீர் ஊற்றக் குழாய் வைக்கச் சொன்னார்; அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள் என்று வற்புறுத்தியதும் எனக்குப் பிடித்தது. பாரைத் தொடும்போது முன்பு விரலில் ஊர்ந்த மின் கூச்சம் அதன் பிறகு இல்லை. ஃபேன் ரெகுலேட்டரையும் கவனித்தார்: குமிழைத் திருப்பினால் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு வேகம் மாறும் பழைய எலக்ட்ரானிக் வகை, மின் அலையை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் பிக்கப்பில் சீறல் ஏற்றும், கண்டென்சர் வைத்த படி ரெகுலேட்டரில் அது கிடையாது. கரண்ட் போனால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பெடல் ஸ்டீல் வாசிக்க நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இனி நாதம். ஹம்மைத் தீர்க்காமல் நாதத்தைத் தொடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். மேல் ஸ்தாயியைத் தெளிவாக்கும் எதுவும் சீறலையும் சேர்த்தே தெளிவாக்கும் என்பதே காரணம். பெடல் ஸ்டீல் பிக்கப்பில் சுற்று மிக அதிகம். சாதாரண சிங்கிள் காயில் கிட்டார் பிக்கப் ஆறு கிலோ ஓம் அளவில் இருக்க, பெடல் ஸ்டீலில் பதினேழு, பதினெட்டு, இருபது கிலோ ஓம் என்பது சாதாரணம். இப்படிப்பட்ட பிக்கப்பின் மேல், மீட்டருக்கு நூறு பிக்கோஃபாரட் அளவில் கொள்ளளவு சேர்க்கும் நீண்ட கேபிளையும், தேய்ந்துபோன 500 கிலோ ஓம் வால்யூம் பெடல் கண்ட்ரோலையும் ஏற்றினால், பளிச்சென்று இருக்க வேண்டிய மூன்றாம் தந்தி கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். பெடல் கண்ட்ரோலைப் புதிதாக மாற்றினார். அதற்கான நல்ல சரக்கு கிருஷ்ணகிரியில் கிடைக்காமல், பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து வரவழைத்தார். கருவிக்கும் பெடலுக்கும் இடையில் டி.எல்.072 ஐ.சி. கொண்டு, பிக்கப்பின் மேல் சுமை ஏறாமல் காக்கும், ஒரு மெகா ஓம் இன்புட் உள்ள சிறிய பஃபர் ஒன்றை 9 வோல்ட் பேட்டரியில் ஓடும்படி செய்து கொடுத்தார். பேட்டரியில் ஓடுவதால் அதன் வழியே புதிய ஹம் நுழைய இடமில்லை. ஆறு மீட்டர் கேபிளை மூன்று மீட்டராகக் குறைத்தது என் முடிவு. இந்த மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய மாற்றம், ஆம்பையே மாற்றியிருந்தாலும் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். முன்பு பெடல் பாதி மூடியிருக்கையில் மங்கிய நாதம், இப்போது பெடலின் எல்லா நிலையிலும் ஒரே நிறத்தோடு வருகிறது.

ஓர் இடத்தில் மட்டும் நானும் அவரும் ஒத்துப்போகவில்லை. கூத்துக் குரல் மைதானத்தின் கடைசி வரைக்கும் போக வேண்டும் என்று பழகியவர் ஆதலால், ஆம்பின் மிட் (நடு அதிர்வெண்) குமிழை ஏற்றி வைத்துவிட்டு, இதுதான் நல்ல சத்தம் என்றார். பெடல் ஸ்டீலுக்கு நேர்மாறு: 800 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைக் கணிசமாகக் குறைத்தால்தான் அந்த மூக்கடைப்பு போய், மேல் தந்திகள் கனமும் மென்மையும் பெறும். வீட்டுக்கு வந்து குமிழைத் திருப்பிக்கொண்டேன். பழுது பார்ப்பதற்கு அவர் காது. நாதத்தைத் தீர்மானிப்பதற்கு வாசிப்பவரின் காது. தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஃபில்டர் ஒன்று போடலாமா என்று நான் கேட்டதை அவர் மறுத்தது நியாயமே. ஈ9 அமைப்பின் தாழ்ந்த தந்தியான பத்தாம் தந்தி பி, 123 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால், அதற்குக் கீழே வெட்டினாலும் வாத்தியத்துக்கு நஷ்டமில்லை என்பது என் வாதம். ஆனால் காதை உறுத்துவது 150, 200, 250 என்று மேலே போகும் கிளை ஒலிகள், அவற்றை எந்த ஃபில்டரால் வெட்டினாலும் தந்தியின் நாதமும் சேர்ந்து போகும் என்பது அவர் பதில். ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் கருவியையும் வேண்டாமென்றார். தேய்ந்துபோகும் நாதத்தின் வாலை அது கத்தரித்துவிடும். பெடல் ஸ்டீலின் உயிரே அந்த வாலில்தான் இருக்கிறது.

ஹம் முழுவதும் போய்விட்டதா என்றால், இல்லை. சிங்கிள் காயில் பிக்கப் தன் இயல்பால் கொஞ்சம் பிடிக்கவே செய்யும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் வகையில், எதிரெதிராக இணைத்த இரு சுருள்கள் ஒன்றின் ஹம்மை மற்றொன்று அழித்துவிடும். ஆனால் அந்த மாற்றம் ஒலியின் நிறத்தையும் மாற்றும், எனக்கு இந்தச் சிங்கிள் காயிலின் வெளிச்சம் வேண்டும். சாதாரண கிட்டார்க்காரர் உடம்பைத் திருப்பினால் ஹம் குறையும் கோணம் கிடைத்துவிடும். நான்கு கால் ஊன்றி நிற்கும் எங்கள் கருவியில் அது முடியாது என்பதால், ஆம்பையும் ஸ்டெப் டவுன் பெட்டியையும் நகர்த்தியும் திருப்பியும் கோணம் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் பெரும்பாலும் போதும். சபையில் மிக்ஸருக்கு லைன் எடுக்கும்போது வந்த உறுமல் தனிக் கதை: ஆம்புக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு ஒரு எர்த், நடுவில் ஷீல்டு ஒயர் ஒரு வளையமாக நின்றது. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டப்பாவைச் செய்து கொடுத்தார். மின்சார எர்த்தைத் தொடாமலேயே வளையம் அறுந்தது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கொடுத்த தேதிக்கு வேலை முடியாது. மாசி முதல் வைகாசி வரை திருவிழா, பிறகு மாங்கனிக் கண்காட்சி என்று மைக் செட்காரர்கள் வரிசையில் நிற்கையில், தனி வாத்தியக்காரனின் ஆம்ப் மூலையில்தான் கிடக்கும். அச்சிட்ட பில் கிடையாது. என்னென்ன மாற்றினார் என்பதை நானே கேட்டு எழுதி வாங்கினேன். உத்தரவாதம் வாய்ச்சொல் மட்டும். ஆம்பின் பின்பக்க மூடியில் இரண்டு ஸ்க்ரூ வேறு நிறத்தில் வந்தது. அவருக்கு அழகு ஒரு பொருட்டே இல்லை. கடை நெருக்கமான தெருவில் இருப்பதால் மேடையளவு சத்தத்தில் சோதிக்க வழியில்லை. ஸ்பீக்கர் கூண்டில் ஒரு பேனல் அதிர்வது வீட்டில்தான் தெரிந்தது, அதை நானே முடுக்கிக்கொண்டேன். பழைய உதிரி பாகங்களைக் கேட்டால் மட்டுமே திருப்பித் தருகிறார்.

செலவு: ஆம்ப் வேலைக்குக் கண்டென்சர்களோடு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், புதிய ஸ்டெப் டவுன் பெட்டிக்கு நாலாயிரத்துக்குச் சற்று மேல், பஃபரும் லைன் டப்பாவும் சேர்ந்து ஆயிரத்து இருநூறு. செம்பின் விலைக்கு ஏற்ப ஸ்டெப் டவுன் பெட்டியின் விலை மாறும் என்றார். செய்த வேலைக்கு இது நியாயத்துக்கும் குறைவு. வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது. ஃபிலமெண்ட் ஒயர்களைச் சரியாக முறுக்குவது, ஹம் பேலன்ஸ் பார்ப்பது எல்லாம் தெரிந்தவர்தான், ஆனால் வால்வுக்கான உதிரி பாகங்களை நீங்களே கொண்டுபோக வேண்டும்.

போகிறவர்கள் ஆம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், பெடல், கேபிள், ஸ்டெப் டவுன் பெட்டி, முடிந்தால் கருவி என்று முழு இணைப்பையும் எடுத்துச் செல்லுங்கள். ஆடியிலோ புரட்டாசியிலோ, காலை பத்து மணிக்குள் போனால் உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருக்கும். ஃபோனில் கேட்டால் “கொண்டு வாங்க, பாக்கலாம்” என்பதற்கு மேல் பதில் வராது.